வண்டி ஷெட்டுக்கு ஒரு ஜன்னல்

எங்கள் ஊரில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், வீட்டுக்காரர் முதலில் கேட்பது ஒன்றுதான்.

"சீசனுக்கு எங்க போய் இருப்பீங்க?"

தெற்கு மலையில் பஸ் ஏறி வரும் கடைசி ஊர் இது. ஒரு ஏரி, ஒரு ரோப் கார், ஒரு கடைத்தெரு, அவ்வளவுதான். கீழே வெயில் கொளுத்த ஆரம்பித்ததும் ஜனங்கள் இங்கே வந்து குவிவார்கள். வீட்டுக்காரர்கள் கோழிக் கூண்டுக்குக்கூட ஒரு திரை மாட்டி, தலையணை போட்டு வாடகைக்கு விட்டுவிடுவார்கள் போலிருக்கும். வருஷம் முழுக்கக் குடியிருக்கிற நாங்கள் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். மருந்துக் கடைக்காரர் கடைக்குள்ளேயே மாத்திரை டப்பாக்களுக்கு நடுவில் படுத்துக்கொள்வார். பள்ளிக்கூட டீச்சர் கீழே தங்கை வீட்டுக்குப் போய்விடுவார். மழை தொடங்கியதும் திரும்பி வந்து, யாரோ கதவில் மாட்டிவிட்டுப் போன தொப்பியையும் கட்டிலுக்கடியில் கிடக்கும் சீப்பையும் எடுத்து எறிந்துவிட்டு மறுபடி அடுப்பு பற்றவைப்பார்கள். இதை அநியாயம் என்று யாரும் சொன்னதில்லை. குளிர், மேகம் மாதிரி இதுவும் இந்த ஊரில் ஒன்று.

அண்ணியும் நானும் அப்படி மூட்டை தூக்கியவர்கள்தான். அண்ணனுக்குக் கப்பலில் வேலை. அவன் வரும்போது வருவான். நான் ரோப் கார் கவுண்ட்டரில் டிக்கெட் கொடுக்கிறேன். அண்ணி ஏரிக்கரை ஹோட்டலில் தச்சு வேலை பார்த்தாள். மேகம் இறங்குகிற ஊரில் மரம் ஊறிப்போகும். கதவு சாத்தாது, அலமாரி திறக்காது. அதனால் அண்ணிக்கு வேலைக்குப் பஞ்சமே இல்லை. எப்போதும் காதில் ஒரு பென்சில் இருக்கும். தூங்கும்போதுகூட அதை நான்தான் எடுத்து வைக்க வேண்டும்.

ஐஸ்காரர் வீட்டு மாடிக்கு நாங்கள் வந்தது போன மழைக்காலத்தில். அவர் நிஜமாகவே ஒரு காலத்தில் வேன் வைத்து ஐஸ் கிரீம் விற்றவர். குளிரில் பல் கிட்டுகிற ஊரில் ஐஸ் விற்றால் என்ன ஆகும்? கடையைச் சாத்தினார். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அதைச் சொல்லி யாராவது சிரித்தால், "இந்த ஊர்ல ஐஸ் உருகாது, தெரியுமா? வேற எங்க கிடைக்கும் இந்த வசதி?" என்பார்.

அவரும் அந்தக் கேள்வியைக் கேட்டார். சீசனுக்கு எங்கே போவீர்கள்?

"இங்கதான் சார் இருப்போம். வீட்டை விட்டுட்டு எங்க போறது?" என்றாள் அண்ணி.

ஏதோ நகைச்சுவை என்று நினைத்து ஐஸ்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். சாவியைக் கொடுத்தார்.

இரண்டு அறை, ஒரு அடுப்படி. அறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். துவைத்துப் போட்ட துணி காய்வதற்குள் அடுத்த அழுக்கு சேர்ந்துவிடும். அண்ணி வந்த வாரமே எல்லாக் கதவுகளையும் கழற்றி இழைத்து மாட்டினாள். அவள் கை பட்ட பிறகு அந்த வீட்டில் எந்தக் கதவும் கிறீச்சிடவில்லை. கீழே தனியாக இருந்த ஐஸ்காரர், "நீங்க வீட்டுல இருக்கீங்களா இல்லையான்னே தெரியலையே" என்று குறைப்பட்டுக்கொண்டு, அடிக்கடி மேலே வந்து பார்த்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார்.

சீசன் நெருங்கியபோது ஒரு நாள் வந்தவர் உட்காரவில்லை. நின்றுகொண்டே சுவரைத் தடவினார், ஸ்விட்சைப் பார்த்தார்.

"சொல்லுங்க சார்," என்றாள் அண்ணி, வெங்காயம் நறுக்கியபடி.

"என் பையன் இருக்கானே... சிட்டில உக்காந்துக்கிட்டு அவனே எல்லாம் பண்ணிட்டான். நெட்டுல மாடியைப் படம் போட்டு, ஒரு குடும்பத்துக்குப் புக்கிங்கும் வாங்கிட்டான். நான் என்னம்மா பண்ணட்டும்?"

எனக்கு மூட்டைகள் கண் முன்னால் வந்து நின்றன. குக்கரை எந்தச் சாக்கில் போடுவது என்றே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். அண்ணி கத்தியைக் கீழே வைத்தாள்.

"சார், அந்த ஷெட்டுச் சாவி எங்க இருக்கு?"

வீட்டை ஒட்டி, மலைச் சரிவின் விளிம்பில் ஒரு வண்டி ஷெட் இருந்தது. அதற்குள் அந்தப் பழைய ஐஸ் வேன். முன்பக்கம் இரும்புக் கதவு, மற்ற மூன்று பக்கமும் மொட்டைச் சுவர்.

"ஷெட்டு எதுக்கு?"

"போன மாசம் கூரைத் தகடு பறக்குதுன்னு என்னைத்தானே ஏறச் சொன்னீங்க? அப்ப மேல நின்னு பார்த்தேன். ஏரி, ரோப் கார், அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கு, எல்லாம் தெரியுது. இந்தத் தெருவிலேயே நல்ல காட்சி உங்க வேனோட முதுகுக்குப் பின்னாடிதான் இருக்கு. அந்தச் சுவரை உடைச்சு ஒரு ஜன்னல் வெச்சு, ரூமா மாத்தித் தர்றேன். வர்றவங்க அதுல தங்கட்டும். சாமான் உங்களுது, வேலை என்னோடது."

"அப்ப மாடி?"

"மாடி எங்களுக்கு. வருஷம் பூரா. சீசன், அது இதுன்னு ஒரு நாளும் காலி பண்ணச் சொல்லக் கூடாது."

ஐஸ்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்துவிட்டார் என்றாலே பாதி வழிக்கு வந்துவிட்டார் என்று எனக்குத் தெரியும்.

"வேன் உள்ள நிக்குதேம்மா."

"வேன் ஓடும்னு சொல்வீங்களே சார்."

"ஓடும்!"

"அப்ப ஓட்டிக் காட்டுங்க."

மானப் பிரச்சினையாகிவிட்டது. அடுத்த நாளே மெக்கானிக் வந்தார். பேட்டரியை மாற்றினார், டயருக்குக் காற்றடித்தார், வண்டிக்கடியில் வெகுநேரம் படுத்துக் கிடந்துவிட்டு எழுந்து, "பிரேக்குக்கு நான் பொறுப்பு. இன்ஜினைப் பத்தி என்னை ஒண்ணும் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவே கூடிவிட்டது. ஐஸ்காரர் பழைய சீருடைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். பொத்தான் எட்டவில்லை; மேலே ஸ்வெட்டரை மாட்டி மறைத்திருந்தார். சாவியைத் திருகினார். வண்டி இருமியது, அடங்கியது. மறுபடி திருகினார். இந்த முறை இருமக்கூட இல்லை.

"தள்ளுங்க!" என்றாள் அண்ணி.

மருந்துக் கடைக்காரர், டீச்சர், நான், எதிர்வீட்டுத் தையல்காரர் எல்லோரும் சேர்ந்து தள்ளினோம். வேன் ஷெட்டை விட்டு வெளியே வந்து தெருவின் சரிவில் மூக்கை வைத்தது. அதற்குப் பிறகு எங்கள் உதவி அதற்குத் தேவைப்படவில்லை. உருண்டது, வேகமெடுத்தது, வளைவில் திரும்பும்போது மேலே கட்டியிருந்த மணி தானாகவே கணகணவென்று அடித்தது. "சார், பிரேக்கு! பிரேக்கு!" என்று கத்திக்கொண்டே அண்ணி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். பிரேக்கைப் பற்றி ஐஸ்காரருக்கு நினைவே இல்லை. வளைவுக்கு அந்தப் பக்கம் கறுப்புப் புகை எழும்பியது. இன்ஜின் சத்தம் கேட்டது. ஓடிவிட்டது!

பஸ் நிலையம் வரை போய் அவராகவே நிறுத்தியிருந்தார். நாங்கள் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது, மணிச் சத்தம் கேட்டு இரண்டு பேர் ஐஸ் கேட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். ஐஸ்காரருக்கு வாயெல்லாம் பல்.

"ஓடுச்சா இல்லையா?"

"ஓடுச்சு சார்," என்றாள் அண்ணி, செருப்பை மாட்டிக்கொண்டே.

வேன் அந்த மேட்டில் திரும்ப ஏற மறுத்துவிட்டது. அங்கேயே பஸ் நிலையத்து ஓரத்தில் நிற்கட்டும் என்று விட்டுவிட்டார். ஷெட் காலியாகிவிட்டது.

அன்றிலிருந்து அண்ணிக்கு இரண்டு வேலை. ஹோட்டலில் சாயங்காலம் வரை. அப்புறம் வெளிச்சம் இருக்கும்வரை ஷெட். வண்டி கழுவுவதற்காக ஒரு மூலையில் வைத்திருந்த குழாயைச் சுற்றிச் சுவர் எழுப்பிக் குளியலறை ஆக்கினார் அண்ணி கூட்டிவந்த கொத்தனார். ஹோட்டலில் கழித்துப்போட்ட பீரோக்களை மேனேஜரிடம் கேட்டு வாங்கிவந்து, பலகை பலகையாகப் பிரித்து, சுவர் நெடுக அடித்தாள் அண்ணி. பலகைக்கும் சுவருக்கும் நடுவில் விரல் நுழைகிற அளவு இடைவெளி விட்டாள்.

"ஒட்டி அடிச்சா என்ன அண்ணி? இடமாவது மிச்சமாகும்."

"சுவர் மூச்சு விடணும்டி. இல்லைன்னா ஈரம் உள்ளயே நின்னு நாறும். ஹோட்டல்ல தினமும் அதைத்தானே மோந்து பார்க்கிறேன்."

கடைசியில் பின்சுவர். கொத்தனார் முதலில் மேலே விட்டம் கொடுத்துவிட்டு, அதற்குக் கீழே கல் கல்லாக எடுத்தார். முதல் ஓட்டை விழுந்ததும் அதன் வழியே மேகம் உள்ளே வந்தது. அவிழ்த்துவிட்ட மாடு வீட்டுக்குள் நுழைகிற மாதிரி, யாரையும் கேட்காமல், நிதானமாக. கொத்தனாரும் அண்ணியும் நானும் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஐஸ்காரர் கொஞ்சம் பயந்துவிட்டார். "ரொம்பப் பெரிசா இருக்காதாம்மா ஜன்னல்?" என்றார்.

"பெரிசாத்தான் இருக்கும் சார்."

சட்டம் தயாராகிவிட்டது, கண்ணாடி வரவில்லை. கீழேயிருந்து பஸ்ஸில் ஏற்றிவிட்ட முதல் கண்ணாடி வளைவுகளில் ஆடி ஆடி, வந்து இறங்கும்போது பொடிப்பொடியாக இருந்தது. இரண்டாவது கண்ணாடி விருந்தாளிகள் வருவதாகச் சொன்ன நாளுக்கு முந்தின நாள் காலையில் முழுசாக வந்து சேர்ந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டோம். ஒரு நாள் முழுதாகக் கையில் இருக்கிறது.

மத்தியானம் ஐஸ்காரர் படியேறி ஓடிவந்தார். "கிளம்பிட்டாங்களாம்மா! நாளைக்குக் கூட்டமா இருக்கும்னு இன்னிக்கே மலை ஏறிட்டாங்களாம்!"

சொல்லி முடிப்பதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. கீழே சமவெளியில் பாத்திரக் கடை வைத்திருப்பவர், அவர் மனைவி, கல்லூரியில் படிக்கிற மகள். மனைவி காரிலிருந்து இறங்கி, கையிலிருந்த போனையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"படத்துல மாடி போட்டிருந்துச்சே?"

ஐஸ்காரர் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அண்ணி மட்டும் மரத்தூளைத் தட்டிவிட்டு நேராக முன்னால் வந்தாள்.

"மாடியில நாங்க குடியிருக்கோம்க்கா. படம் போட்டது தப்புதான். உங்களுக்கு அதைவிட நல்ல ரூமா, ஏரிக் காட்சியோட ஒண்ணு போட்டிருக்கோம். ஜன்னல் கண்ணாடி மட்டும் பாக்கி, சாயங்காலத்துக்குள்ள மாட்டிடுவேன். அதுவரைக்கும் மேல வந்து டீ குடிச்சு ரெஸ்ட் எடுங்க. இருட்டுறதுக்குள்ள பார்த்துட்டுப் பிடிக்கலைன்னு சொன்னீங்கன்னா, மாடிச் சாவி உங்க கையில. நாங்க ஷெட்டுல படுத்துக்குறோம்."

நான் அண்ணியின் முழங்கையைக் கிள்ளினேன். அவளுக்கு உறைக்கவே இல்லை.

மேலே அழைத்துப்போய் டீ கொடுத்து, முட்டை பொரித்து ரொட்டியோடு வைத்தேன். மகள் போர்வையைப் போர்த்திக்கொண்டு எங்கள் கட்டிலிலேயே தூங்கிவிட்டாள். மனைவி முகம் கொடுத்துப் பேசவில்லை. பாத்திரக்கடைக்காரருக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. கீழே எட்டி எட்டிப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

"நான் ஒரு கை பிடிக்கட்டுமாம்மா?"

"லீவுக்கு வந்திருக்கீங்க சார்."

"கடையில தினமும் நாற்காலியில உக்காந்தே இருக்கேன். குடும்மா இப்படி."

பெரிய கண்ணாடி, நான்கு கை போதாது. அந்தப் பக்கம் அண்ணி, இந்தப் பக்கம் அவர், நடுவில் நான். "மெதுவா... உங்க பக்கம் ஒரு நூல் தூக்குங்க... இறக்காதீங்க, இறக்காதீங்க!" அவர் நெற்றியில் அந்தக் குளிரிலும் வியர்வை. சட்டத்துக்குள் கண்ணாடி போய் உட்கார்ந்தபோது, 'தப்' என்று ஒரு மெல்லிய சத்தம். அண்ணி ரசமட்டத்தை வைத்துப் பார்த்தாள். நடுவில் நின்றது குமிழி. பாத்திரக்கடைக்காரர் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, தானே வீடு கட்டி முடித்தவர் மாதிரி இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தார்.

ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. மேகம் அப்பிக்கொண்டு நின்றது. ஏரியும் இல்லை, பள்ளத்தாக்கும் இல்லை, சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. ரோப் காரையும் மத்தியானமே நிறுத்திவிட்டார்கள் என்று எனக்குப் போன் வந்திருந்தது. அன்றைக்கு மேகம் விலகாது என்று எனக்குத் தெரியும். அண்ணிக்கும் தெரியும். அவள் துடைப்பத்தை எடுத்துத் தரையைப் பெருக்கினாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் மனைவி இறங்கி வந்தார். ஜன்னலை ஒரு பார்வை பார்த்தார். "காட்சி காட்சின்னீங்க. இன்னொரு சுவர் மாதிரியில்ல இருக்கு?" என்றார். அண்ணி முதல்முறையாகத் தலையைக் குனிந்தாள்.

அந்த அம்மா விடவில்லை. குழாயைத் திறந்து பார்த்தார். தாழ்ப்பாளைப் போட்டு எடுத்தார். பலகைச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். அப்புறம் கட்டிலில் உட்கார்ந்து, தலையணையை எடுத்து முகத்தில் வைத்து மோந்து பார்த்தார். மெத்தையைத் தூக்கி அடியிலும் மோந்து பார்த்தார்.

"ஏங்க, இங்க வாங்க. மோந்து பாருங்க."

பாத்திரக்கடைக்காரர் கலவரத்தோடு மோந்தார். "என்ன? ஒண்ணும் இல்லையே?"

"அதைத்தான் சொல்றேன். ஒண்ணும் இல்லை. போன வருஷம் வேற ஒரு மலையில தங்கினோமே, தலைகாணியைப் பிழிஞ்சா தண்ணி வந்துச்சு. ஊருக்குத் திரும்புற வரைக்கும் எனக்குத் தும்மல் நிக்கல." அண்ணியைப் பார்த்தார். "எப்படிம்மா இந்த மழை ஊர்ல இவ்வளவு காய்ஞ்சு இருக்கு?"

அண்ணி பலகைக்குப் பின்னால் விட்ட இடைவெளியைக் காட்டினாள். அவர் விரலை நுழைத்துப் பார்த்துக்கொண்டார்.

"பெட்டியெல்லாம் இறக்குங்க," என்றார் கணவரிடம்.

மாடிக்குத் திரும்பியதும் நான் சந்தோஷத்தில் அண்ணியைக் கட்டிக்கொண்டேன். அவள் முகம் மட்டும் அரைகுறையாகத்தான் மலர்ந்தது.

"ஜன்னலுக்கு அவ்வளவு பாடுபட்டேன். அந்தம்மா தலைகாணியை மோந்து பார்த்துட்டு ஓகே சொல்லிட்டாங்களேடி."

மறுநாள் காலையில், முந்தின நாள் அத்தனை அடம்பிடித்த மேகம் சொல்லாமல் கொள்ளாமல் போயிருந்தது. ஆனால் அதே காலையில் ஐஸ்காரரின் மகனும் வந்து இறங்கினான். அப்பா போனில் உளறியதைக் கேட்டுவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்திருந்தான். கெட்டவன் இல்லை, பொறுப்பைத் தலையில் தூக்கிக்கொண்டு திரிகிறவன்.

"அக்கா, நான் மாடின்னு சொல்லி வாங்கியிருக்கேன். அவங்க நாலு வார்த்தை தப்பா எழுதிட்டாங்கன்னா அப்புறம் இந்த வீட்டுக்கு யாரும் வர மாட்டாங்க. அப்பாவுக்கு இது புரியாது. உங்களுக்காவது புரிய வேண்டாமா?"

"நீங்க சொல்றது நியாயம்தான் தம்பி. அவங்களையே கேட்டுப் பாருங்க."

அவன் ஷெட்டுக் கதவைத் தட்டினான். பாத்திரக்கடைக்காரர் கையில் டம்ளரோடு கதவைத் திறந்தார். "யாரு? வாங்க, வாங்க! செருப்பை வெளிய விட்டுட்டு வாங்க," என்று சொந்த வீடு போல உள்ளே அழைத்தார். "இந்தக் கண்ணாடியைப் பார்த்தீங்களா? நான் மாட்டினது."

மகன் உள்ளே போய் நின்றான். கீழே ஏரி, அதற்கு மேலே ஒன்றன்பின் ஒன்றாக ரோப் கார் பெட்டிகள், அதற்கும் அப்பால் வெயில் விழுந்து பச்சையாகத் திறந்துகிடந்த பள்ளத்தாக்கு. அந்தக் கல்லூரிப் பெண் ஜன்னல் விளிம்பில் கால் மடக்கி உட்கார்ந்திருந்தாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மகன் ஜன்னல் சட்டத்தைத் தடவிப் பார்த்தான்.

"இந்தச் சுவர்ல பந்தடிச்சுத்தான் நான் வளர்ந்தேன்," என்றான் கடைசியில். "இதுக்குப் பின்னாடி இது இருக்குன்னு ஒருநாளும் தோணலையே."

வெளியே வந்ததும், "சரிக்கா, ஷெட்டு நல்லாத்தான் இருக்கு. மாடியையும் சேர்த்து விட்டா..." என்று தொடங்கினான்.

"மாடி அவங்களுக்கு," என்றது ஒரு குரல். ஐஸ்காரர் தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து நின்றுகொண்டிருந்தார். "வருஷம் பூரா. வாக்குக் கொடுத்திருக்கேன். என் வீடு, என் வாக்கு."

மகன் அப்பாவைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான். அன்றைக்கே மாடியின் படத்தை எடுத்துவிட்டு ஜன்னலின் படத்தைப் போட்டான். படத்தில் ஓரமாகப் பாத்திரக்கடைக்காரரின் தோளும் விழுந்திருந்தது. இருக்கட்டும் என்று அப்படியே விட்டுவிட்டான்.

அந்தச் சீசனை நான் மறக்க மாட்டேன். ஊர் முழுக்க ஜனம், கவுண்ட்டரில் பேசிப் பேசித் தொண்டை வறண்டு போகும். ஆனால் வேலை முடிந்து கடைத்தெருக் கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு மேடு ஏறினால், என் வீடு, என் அடுப்பு. வழியில் யாராவது, "நீங்களும் சுத்திப் பார்க்க வந்தவங்களா?" என்று கேட்டால், "நாங்க இந்த ஊர்க்காரங்க" என்று சொல்லும்போதே தோள் கொஞ்சம் நிமிர்ந்தது. ஐஸ்காரர் பஸ் நிலையத்தில் வேனைத் துடைத்து, மணியடித்து, மறுபடி ஐஸ் விற்க ஆரம்பித்துவிட்டார். வெயிலில் வெந்து மேலே வந்தவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக அவரிடம்தான் போனார்கள். அந்த இடத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தது வேன்தான் என்பதை அவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஜன்னலைப் பார்க்கத் தெருவே வந்தது. அப்புறம் அடுத்த தெரு. எங்கள் வீட்டில் ஒரு விறகுக் கொட்டகை இருக்கிறது, பழைய மாவு மில் சும்மா கிடக்கிறது என்று ஒவ்வொருவராக அண்ணியைக் கூப்பிட்டார்கள். மழை தொடங்குவதற்குள் அண்ணி ஹோட்டல் வேலையை விட்டுவிட்டாள். மேனேஜர் கெஞ்சிப் பார்த்தார். "கதவு சாத்தலைன்னா கூப்பிடுங்க சார், வந்து பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மழை தொடங்கி டீச்சர் திரும்பி வந்ததும், முதல் வேலை மேல்தெருவில், அவர் குடியிருக்கிற வீட்டில். டேப்பைப் பிடிக்க நானும் போயிருந்தேன். வீட்டுக்காரர் மாடிப்படிக்குப் பக்கத்தில் இருந்த கொட்டகையைத் திறந்து காட்டினார். அண்ணி சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். காதிலிருந்து பென்சிலை எடுக்கவில்லை.

"டீச்சர் சீசனுக்கு எங்க இருப்பாங்க?" என்று கேட்டாள்.

"அவங்க வழக்கமா தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவாங்கம்மா. அந்த மாடியையும் வாடகைக்கு விட்டு, இந்தக் கொட்டகையையும் விட்டா..."

"அப்ப வேற ஆளைப் பாருங்க சார்."

சொல்லிவிட்டு அண்ணி வாசற்படி இறங்கினாள். நானும் டேப்பைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே இறங்கினேன். கேட்டைத் திறந்து தெருவில் கால் வைத்துவிட்டோம். மேல்தெருவிலேயே அண்ணியைக் கூப்பிட்டவர்கள் இன்னும் நிறையப் பேர் இருந்தார்கள். அதனால் அவள் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"அம்மா! ஒரு நிமிஷம்!" வீட்டுக்காரர் வாசலுக்கு வந்தார். பின்னங்கழுத்தைச் சொறிந்தார். "இருக்கட்டும்மா. டீச்சர் இருக்கட்டும்."

"எந்த மாசம் வரைக்கும்?"

"அவங்க இருக்கிற வரைக்கும்."

"இதை டீச்சர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. இப்பவே."

அவர் மாடியைப் பார்த்து டீச்சரைக் கூப்பிட்டார். டீச்சர் கையில் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். அவர் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொல்ல, டீச்சருக்கு முதலில் புரியவே இல்லை. "மறுபடி சொல்லுங்க சார்" என்று வகுப்பில் கேட்பதுபோல் கேட்டார். அவர் மறுபடி சொன்னார். அடுப்பில் ஏதோ தீய்கிற வாசனை வந்தது. டீச்சர் நகரவில்லை.

அண்ணி பென்சிலை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் நுழைந்தாள். "அந்த மூலையில பிடிடி," என்றாள் என்னிடம். நான் டேப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு போய்ச் சுவரில் அழுத்தி நின்றேன்.